வாசகர் கேள்வி – பதில்: சக்மாரா ஆற்றங்கரையில் ஒரு தாத்தார் ஊர்

சென்ற இதழில், ரஷ்யாவின் ஓரென்பூர்க் மாநிலத்தில் சக்மாரா ஆற்றங்கரையில் உள்ள தாத்தார்ஸ்கயா கர்காலா என்னும் சிற்றூரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். 18-ஆம் நூற்றாண்டில் கஸான் பகுதியிலிருந்து வந்த தாத்தார் வணிகர்கள் குடியேறி அமைத்த ஊர் அது என்பதும், இன்றும் அங்கு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தாத்தார் முஸ்லிம்களே என்பதும்தான் அக்குறிப்பின் சாரம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு முழுப் பகுதிக்கே போதுமானவையாக இருந்ததால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை அந்த ஓர் ஊருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கர்காலா சரியாக எங்கே இருக்கிறது? தாத்தாரிஸ்தான் என்றொரு குடியரசே இருக்கும்போது, தாத்தார்களின் ஊர் ஏன் அதற்கு வெளியே இருக்கிறது?
– வாசகர், தஞ்சாவூர்

உரால் மலைத்தொடரின் தென்முனை தாழ்ந்து தாழ்ந்து, மரமில்லாத பெரும் புல்வெளியாக மாறுகிற பகுதியில் ஓரென்பூர்க் நகரம் இருக்கிறது. அந்நகரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் கர்காலா வந்துவிடும். உரால் மலையில் பிறந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி, ஓரென்பூர்க் அருகே உரால் ஆற்றில் கலக்கும் சக்மாராதான் ஊரின் ஆறு. ஊரின் பெயரோ அப்பகுதியில் சக்மாராவில் வந்து சேரும் கர்கால்கா என்னும் சிற்றாற்றின் பெயரோடு ஒட்டியது. அந்தச் சிற்றாற்றின் மேற்பகுதியில் வெண்கலக் கால மக்கள் தோண்டிய செப்புச் சுரங்கங்கள் பரந்து கிடக்கின்றன. யூரேசியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய சுரங்கத் தொகுதிகளில் ஒன்றாகத் தொல்லியலாளர்கள் அவற்றைக் கருதுகிறார்கள். ஆகவே வணிகர்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது ஆளரவம் இருந்த நிலம்தான்.

தாத்தாரிஸ்தானின் தலைநகரான கஸான் அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ரஷ்யக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் உள்ள தாத்தார்கள் சுமார் 47 லட்சம் பேர். அவர்களில் தாத்தாரிஸ்தானுக்குள் வாழ்பவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் வோல்கா, உரால், சைபீரியா எங்கும் ஆற்றங்கரை ஊர்களிலும் தொழில் நகரங்களிலும் பரவியிருக்கிறார்கள். எனவே கர்காலா ஒரு விதிவிலக்கன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

தாத்தார் என்றால் மங்கோலியர்தானே?
– வாசகர், விருதுநகர்

ஐரோப்பிய நூல்கள் பல நூற்றாண்டுகளாக இரண்டையும் ஒன்றாகவே எழுதிவந்ததால் இந்தக் குழப்பம் நிலைத்துவிட்டது. வோல்கா பகுதித் தாத்தார்கள் பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. வோல்காவும் காமாவும் கூடும் இடத்தில் இருந்த பல்கார் அரசு 922-இல் இஸ்லாத்தை ஏற்றது. பாக்தாதிலிருந்து அந்த ஆண்டில் அங்கு வந்த தூதுக்குழுவில் இருந்த இப்னு ஃபத்லான் தாம் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். பிறகு மங்கோலியப் படையெடுப்பும், அதன் வழியே எழுந்த பொற்கூட்டம் (Golden Horde) என்னும் பேரரசின் ஆட்சியும் வந்தன. அதன் சிதைவிலிருந்து 15-ஆம் நூற்றாண்டில் கஸான் கானரசு எழுந்தது. 1552-இல் நான்காம் இவான் கஸானைக் கைப்பற்றினார். இன்றைய தாத்தார்கள் இந்த நீண்ட கலப்பில் உருவான மக்கள். தங்களைப் பழைய பல்கார்களின் வழிவந்தவர்களாகவே அவர்களில் பலர் கருதுகிறார்கள்.

ஜார் ஆட்சியில் முஸ்லிம் வணிகர்களுக்குத் தனியாக ஓர் ஊர் அமைத்துக்கொள்ள எப்படி அனுமதி கிடைத்தது? அந்த ஆட்சி முஸ்லிம்களைக் கடுமையாக நடத்தியது என்றல்லவா படித்திருக்கிறேன்?
– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

தாங்கள் படித்ததும் உண்மை, ஊர் அமைந்ததும் உண்மை. இரண்டும் ஒரே சில ஆண்டுகளுக்குள் நடந்தன என்பதுதான் கர்காலாவின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

1740களின் தொடக்கத்தில் கஸான் பகுதியில் மதமாற்றப் பணி அரசின் முழு ஆதரவோடு நடந்தது. பேராயர் லூக்கா கொனாஷேவிச்சின் காலத்தில், அப்பகுதியில் இருந்த 536 மசூதிகளில் 418 இடிக்கப்பட்டன. அதே வேளையில் தென்கிழக்கு எல்லையில் அரசுக்கு வேறொரு கவலை இருந்தது. 1743-இல் ஆளுநர் இவான் நெப்ளூயெவ் ஓரென்பூர்க் நகரை இன்றிருக்கும் இடத்தில் அமைத்தார். கஸாக் புல்வெளியோடும் புகாரா, கிவா ஆகிய நகரங்களோடும் வணிகம் வளர வேண்டும் என்பதே அந்த நகரின் நோக்கம். கோட்டையும் சந்தையும் கட்டியாயிற்று. ஆனால் புல்வெளி மக்களின் மொழியறிந்து, அவர்களுடைய வழக்கத்தில் பேரம் பேசி, புகாராவின் கடைத்தெருவில் தடையின்றி நடமாடக்கூடிய வணிகர்கள் வேண்டுமே. கிறிஸ்தவ ரஷ்ய வணிகருக்கு மத்திய ஆசிய நகரங்களில் வரியும் தடையும் அதிகம். தாத்தார் முஸ்லிமோ அங்கே தன் சமயத்தவரிடையே இருப்பவர், அவருடைய தாய்மொழியும் கஸாக் மொழிக்கு நெருங்கிய உறவுடையது.

இந்தத் தேவையைப் புரிந்துகொண்டு முன்வந்தவர் கஸான் பகுதி வணிகரான சகீத் கயாலின். வசதியுள்ள இருநூறு குடும்பங்களை அழைத்துவந்து குடியேற்றுவதாக அவர் ஒப்புக்கொண்டார். 1744-இல் செனட் அதற்கு ஆணை பிறப்பித்தது. குடியேறுபவர்களைப் படைக்கு ஆள் பிடிப்பதில்லை என்றும், அவர்கள் தங்களுக்கென ஒரு மசூதி கட்டிக்கொள்ளலாம் என்றும் சலுகைகள் தரப்பட்டன. கஸானில் மசூதிகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில் சக்மாராக் கரையில் அரசின் அனுமதியோடு ஒரு மசூதி எழுந்தது. அதை அரசின் பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன். வணிகத்தின் தேவை அது. ஆனால் அந்த வாய்ப்பைக் கண்டு பற்றிக்கொண்ட குடிகளின் கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. சகீத்தின் பெயரால் அந்த ஊரை ரஷ்யர்கள் சேயித்தோவா ஸ்லபதா என்றும், பின்னர் சேயித்தோவ் போசாத் என்றும் அழைத்தார்கள்.

வணிகம் நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓரென்பூர்க் நகருக்கு எதிரே, உரால் ஆற்றின் ஆசியக் கரையில் பண்டமாற்று முற்றம் என்ற பெரும் சந்தை இருந்தது. கோடைக்காலத்தில் கஸாக்குகள் ஆட்டு மந்தைகளையும் குதிரைகளையும் அங்கே ஓட்டிவந்தார்கள். புகாரா ஒட்டக வணிகர்கள் பருத்தியும் நூலும் பட்டும் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு மாற்றாக ரஷ்யத் துணி, பதனிட்ட தோல், இரும்பு, செம்புப் பாத்திரங்கள் சென்றன. இந்த இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசி முடித்தவர்களில் கர்காலா வணிகர்கள் முதன்மையானவர்கள். அவர்களே ஒட்டக வரிசைகளை அமர்த்திக்கொண்டு புல்வெளியைக் கடந்து மத்திய ஆசியா வரை போய்வந்தார்கள்.

கர்காலா வணிகர்கள் இந்தியாவுக்கு வந்ததுண்டா?
– வாசகி, சென்னை

வந்ததுண்டு, அதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1751-இல், இந்தியாவோடு நேரடி வணிகம் நடத்த முடியுமா என்று பார்த்துவர நெப்ளூயெவ் சில கர்காலா வணிகர்களை அனுப்பிவைத்தார். அவர்களில் இஸ்மாயில் பெக்முகமெதோவ் என்பவர் தம் பயணத்தைத் தாத்தார் மொழியில் எழுதிவைத்தார். புல்வெளியைக் கடந்து, மத்திய ஆசிய நகரங்கள் வழியாக, அகமது ஷா துரானி ஆண்டுகொண்டிருந்த ஆப்கான் நிலத்தினூடே அவர்கள் இந்தியாவுக்குள் வந்தார்கள். நாதிர் ஷாவின் படையெடுப்புக்குப் பிறகு முகலாய ஆட்சி தளர்ந்திருந்த காலம் அது. இஸ்மாயில் இந்தியாவோடு நின்றுவிடவில்லை; மேற்கே அரேபியா சென்று ஹஜ் கடமையை முடித்து, துருக்கியில் நெடுங்காலம் தங்கி, பல்லாண்டுகள் கழித்தே சக்மாராக் கரைக்குத் திரும்பினார்.

அரசு எதிர்பார்த்த பெரும் இந்திய வணிகம் கைகூடவில்லை. ஆனால் அவர் எழுதிய பயணக் குறிப்பு கையெழுத்துப் படிகளாகத் தாத்தார் வீடுகளில் தலைமுறைகளாக உலவி, பிற்பாடு அச்சேறியது. தாத்தார் மொழியின் பழைய பயண இலக்கியத்தில் அதற்கு இன்றும் முக்கிய இடம் உண்டு. கடலையே காணாத ஒரு புல்வெளி ஊரில், இந்திய நகரங்களைப் பற்றியும் கடற்பயணத்தைப் பற்றியும் குளிர்கால இரவுகளில் வாசித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கையில் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

புகச்சோவ் கிளர்ச்சியில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு என்று குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். விளக்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தாமே மூன்றாம் பீட்டர் மன்னர் என்று அறிவித்துக்கொண்ட கோசாக் வீரர் எமெல்யான் புகச்சோவ், 1773 அக்டோபர் தொடக்கத்தில், ஓரென்பூர்க்கை முற்றுகையிடும் முன் கர்காலாவுக்குள் நுழைந்தார். ஊர் மக்களில் பலர் அவரை மன்னருக்குரிய மரியாதையோடு வரவேற்றனர்; வேறு சிலர் ஆளுநரின் பக்கம் நின்று நகரக் கோட்டைக்குள் சென்றுவிட்டனர். புகச்சோவின் அறிக்கைகள் தாத்தார் மொழியிலும் எழுதப்பட்டு பாஷ்கிர், தாத்தார் ஊர்களுக்குச் சென்றன. கிளர்ச்சியாளர்கள் தங்கள் தலைமையிடமான பெர்தாவை மாஸ்கோ என்றும், கர்காலாவை பீட்டர்ஸ்பர்க் என்றும் பெயரிட்டு அழைத்தார்கள். 1774 வசந்தத்தில் முற்றுகை உடைந்தது. 1775 ஜனவரியில் புகச்சோவ் மாஸ்கோவில் கொல்லப்பட்டார். கிளர்ச்சியின் நினைவே அழிய வேண்டும் என்று இரண்டாம் கேத்தரீன், யாயிக் என்றிருந்த ஆற்றின் பெயரை உரால் என்று மாற்றினார். கர்காலா பிழைத்துக்கொண்டது; அதன் வணிகர்கள் அரசுக்கு அவ்வளவு தேவைப்பட்டார்கள்.

வணிக ஊர் என்கிறீர்கள். கல்வியில் அதற்குப் பெயர் உண்டா?
– வாசகர், காயல்பட்டினம்

வணிகத்தைவிடக் கல்வியால்தான் கர்காலாவின் பெயர் வெகுதூரம் சென்றது என்பது என் கருத்து. வணிகர்களின் செல்வம் மதரசாக்களைத் தாங்கியது. அவற்றில் படிக்க வோல்கா, உரால் பகுதிகளின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். புகாராவுக்குச் சென்று உயர்கல்வி பெற முடியாதவர்களுக்கு இது அருகில் கிடைத்த கல்விக்கூடம். செல்ல முடிந்தவர்களுக்கோ வழியில் தங்கிப் படித்து, ஒட்டக வரிசை புறப்படும்வரை காத்திருக்க வாய்த்த ஊர். தாத்தார் கவிஞரும் அறிஞருமான கப்தரஹீம் உத்தஸ் இமானி இங்கே படித்துவிட்டுத்தான் புகாரா சென்றார். 1788-இல் இரண்டாம் கேத்தரீன் ரஷ்ய முஸ்லிம்களுக்கென ஏற்படுத்திய ஆன்மிகச் சபையின் முதல் முஃப்தியான முகமெத்ஜான் ஹுசைனோவும் கர்காலாவில் கல்வி கற்றவரே.

அடுத்த நூற்றாண்டில் கல்வியின் போக்கு மாறியது. ஹுசைனோவ் சகோதரர்கள் என்று புகழ்பெற்ற வணிகர்கள் கர்காலாவிலிருந்து கிளம்பி ஓரென்பூர்க்கில் பெருஞ்செல்வம் ஈட்டினார்கள். சமயப் பாடத்தோடு கணிதம், புவியியல், ரஷ்ய மொழி ஆகியவற்றையும் கற்பிக்கும் புதிய முறைப் பள்ளிகளுக்கு அவர்கள் தாராளமாகப் பொருள் கொடுத்தார்கள். அஹ்மெத் ஹுசைனோவ் நிறுவிய ஹுசைனியா மதரசா ரஷ்ய முஸ்லிம்களின் தலைசிறந்த கல்வி நிலையங்களில் ஒன்றாயிற்று. நாஜிகளின் சிறையில் இருந்தபடி கவிதை எழுதி, 1944 ஆகஸ்டில் பெர்லினில் கொல்லப்பட்ட மூசா ஜலீல் சிறுவயதில் படித்தது அங்கேதான்.

ஆனால் அதே காலத்தில் ஊரின் பழைய வணிகம் தேய்ந்துகொண்டிருந்தது. ரஷ்யப் படைகள் மத்திய ஆசியாவைப் பிடித்தபின் இடைநின்று பேசுபவர்களின் தேவை குறைந்தது. 1870களில் ஓரென்பூர்க்குக்கு ரயில் வந்தது. 1906-இல் தாஷ்கண்ட் வரை இருப்புப் பாதை முடிந்ததும் ஒட்டக வரிசைகளின் காலம் முடிந்தது. வசதியுள்ளோர் நகரத்துக்குப் போனார்கள். எஞ்சியவர்கள் கால்நடையும் வயலும் கைத்தொழிலுமாக வாழத் தொடங்கினார்கள். 1921-22 பெரும்பஞ்சம் இப்பகுதி முழுவதையும் வாட்டியது.

சோவியத் ஆட்சியில் மசூதிகளும் மதரசாக்களும் மூடப்பட்டபின், சமயமும் வழக்கங்களும் எப்படி நிலைத்தன?
– வாசகி, மேலப்பாளையம்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அம்மையாருக்கு என் தனிப்பட்ட நன்றி. கர்காலா போன்ற ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் வணிகர்களையும் அறிஞர்களையும் பட்டியலிட்டுவிட்டு, அந்த எழுபது ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த எழுபது ஆண்டுகளைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

தாத்தார் ஊர்களில் அபிஸ்தாய் என்று மரியாதையாக அழைக்கப்படும் மூத்த பெண்கள் உண்டு. முன்பு இமாமின் மனைவியோ, ஓதத் தெரிந்த வேறொரு மூதாட்டியோ தன் வீட்டில் சிறுமிகளுக்கு எழுத்தும் குர்ஆனும் கற்பிப்பார், அவரே அபிஸ்தாய். மசூதியின் கோபுரத்தை இறக்கிவிடலாம், கட்டடத்தைக் கிடங்காகவோ பள்ளியாகவோ மாற்றிவிடலாம், இமாமைச் சிறைக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு கிழவி தன் வீட்டில் அண்டை வீட்டுப் பெண்களை உட்காரவைத்து உணவு பரிமாறுவதை எந்த அதிகாரியாலும் முழுதாகத் தடுக்க முடியவில்லை. ஒருவர் இறந்தால் 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 40-ஆம் நாள், 51-ஆம் நாள், பிறகு ஆண்டு நிறைவு என நினைவு விருந்துகள் வைப்பது தாத்தார் வழக்கம். அந்த விருந்தில் முதலில் அபிஸ்தாய் ஓதுவார், பிறகு துவா (இறைவேண்டல்), பிறகு நூடுல்ஸ் போட்ட சூப்பு, இறைச்சிப் பணியாரம், தேநீர். ஓதியவருக்கும் கூடியவர்களுக்கும் சிறு தொகையோ கைக்குட்டையோ சதகாவாக, அதாவது தருமமாகத் தரப்படும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு குடும்பச் சாப்பாடு. உள்ளே இருந்தவர்களுக்கு அதுவே தொழுகையிடமும் பள்ளிக்கூடமும்.

பெயர் சூட்டுவதும் நிக்காஹ்வும் இப்படியே சத்தமில்லாமல் வீட்டுக்குள் நடந்தன. பகலில் பதிவு அலுவலகத்தில் மணம் முடித்தவர்கள் மாலையில் ஒரு முதியவரை வரவழைத்து நிக்காஹ் ஓதிக்கொண்டார்கள். 1990களில் நாடெங்கும் மசூதிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, தொழுகைக்கு வந்து நின்றவர்களில் பலர் இத்தகைய பாட்டிமார் வளர்த்த பிள்ளைகள்.

அவர்கள் என்ன சமைக்கிறார்கள்? செய்முறையோடு எழுதினால் மகிழ்வேன்.
– இல்லத்தரசி, சேலம்

தாத்தார் சமையலின் உயிர் மாவுப் பண்டங்களில் இருக்கிறது. ஒன்றை மட்டும் கிட்டத்திலிருந்து சொல்கிறேன்: எச்பொச்மாக். மாவைச் சிறு வட்டமாகத் தேய்த்து, நடுவில் பச்சையாகவே நறுக்கிய ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பு, மிளகுத்தூள் கலந்த பூரணத்தை வைக்கிறார்கள். வட்டத்தின் ஓரங்களை மூன்று பக்கமிருந்தும் உயர்த்தி, முக்கோணமாக வரும்படி விரலால் பின்னிக்கொண்டே வந்து, உச்சியில் ஒரு சிறு துவாரம் விட்டுவிடுகிறார்கள். அடுப்பில் பாதி வெந்ததும் வெளியே எடுத்து, அந்தத் துவாரத்தின் வழியே ஒரு கரண்டி சூடான இறைச்சிச் சாறு ஊற்றி மீண்டும் உள்ளே வைப்பார்கள். அப்போதுதான் பூரணம் வறண்டுபோகாமல் உள்ளேயே வேகும். கையில் பிடித்துக் கடிக்கும்போது சாறு வழியும். ஆகவே கிண்ணத்தோடு உட்கார வேண்டும். இதையே ஒரு பெரிய பாத்திர அளவில், மூடி வைத்துச் செய்தால் பெலிஷ். விருந்தினர் வந்தால் அதுதான் நடுநாயகம்.

இனிப்பில் சக்சக்: முட்டை சேர்த்த மாவைச் சிறு துண்டுகளாகப் பொரித்து, தேனும் சர்க்கரையும் காய்ச்சிய பாகில் புரட்டி, ஈரக் கையால் கூம்பாகப் பிடிப்பது. திருமண வீட்டில் இது இல்லாமல் இருக்காது. தேநீர் பால் சேர்த்துத்தான். புல்வெளியை ஒட்டிய ஊர்களில் பால் தேநீரின் மீது பற்று இன்னும் அதிகம். புளிக்கவைத்த பாலான கத்திக் அன்றாடம் மேசையில் இருக்கும்.

வாத்து விருந்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. குளிர் இறுகி முதல் பனி தங்கியதும், கோடை முழுவதும் வளர்த்த பெருவாத்துகளை அறுத்து இறகு பறிக்க அக்கம்பக்கத்துப் பெண்களையும் குமரிப் பெண்களையும் அழைப்பார்கள். இதற்குக் கஸ் ஒமாசே என்று பெயர். பாட்டும் கேலியுமாக இறகு பறித்து முடித்தபின், பெண்கள் வாத்துகளைக் காவடித்தண்டில் தொங்கவிட்டு ஊற்றுக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய்க் கழுவுவார்கள். அடுத்த ஆண்டும் வாத்து பெருக வேண்டும் என்று வழியில் இறகுகளைத் தூவுவார்கள். மாலையில் வாத்துக் கொழுப்பு தடவிய அப்பத்தோடு விருந்து. பல ஊர்களில் இது மறைந்துவருகிறது. சில ஊர்களில் இளைஞர் குழுக்களும் பண்பாட்டு மன்றங்களும் இதை மீண்டும் நடத்துகின்றன.

ஆற்றை நம்பித்தான் இன்றும் வாழ்கிறார்களா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

வாழ்வாதாரம் என்ற பொருளில் இல்லை. 1966-இல் ஓரென்பூர்க் அருகே பெரும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டபின் அப்பகுதியின் பொருளாதாரமே மாறிவிட்டது. நகரம் பக்கத்திலேயே இருப்பதால் வேலைக்கு அங்கே போய்வருபவர்கள் பலர். ஆயினும் வீட்டுக்கு வீடு உருளைக்கிழங்குத் தோட்டமும், மாடு ஆடு கோழியும், முஞ்சா எனப்படும் நீராவிக் குளியலறையும் உண்டு. நவம்பர் வாக்கில் சக்மாரா உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போட்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

அச்சம் தரும் பருவம் வசந்தம். மலையில் பனி உருகும் ஏப்ரலில் ஆறு சில நாட்களிலேயே பெருகிவிடும். 2024 ஏப்ரலில் ஓர்ஸ்க் நகரில் உரால் ஆற்றின் கரை உடைந்து, ஓரென்பூர்க்கில் நீர்மட்டம் 11 மீட்டரைத் தாண்டியபோது, சக்மாராக் கரை ஊர்களும் அந்த வெள்ளத்திலிருந்து தப்பவில்லை. தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் ஆற்றை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

அங்குள்ள குழந்தைகள் இன்னும் தாத்தார் மொழி பேசுகிறார்களா? எந்த எழுத்தில் எழுதுகிறார்கள்?
– பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

எழுத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் மொழியின் இன்றைய நிலைக்கு அதில் பாதி விளக்கம் இருக்கிறது. 1920களின் பிற்பகுதி வரை தாத்தார் மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1927-இல் அரசு அதை லத்தீன் எழுத்துக்கு மாற்றியது. 1939-இல் மீண்டும் மாற்றி சிரிலிக் எழுத்தைப் புகுத்தியது. ரஷ்ய எழுத்துகளோடு தாத்தார் ஒலிகளுக்கென ஆறு எழுத்துகள் சேர்க்கப்பட்டன. ஒரு பெண் 1915-இல் பிறந்திருந்தால், தாய் கற்றுத்தந்த எழுத்து ஒன்று, பள்ளியில் படித்தது ஒன்று, தன் பிள்ளைகள் படித்தது இன்னொன்று. இஸ்மாயிலின் பயணக் குறிப்பையும் மதரசாக்களின் நூல்களையும் பேரப்பிள்ளைகளால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாமல் போயிற்று. ஒரு நூற்றாண்டின் நூல்வளத்தை இப்படி மக்களிடமிருந்து துண்டித்ததைப் பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பேச்சைப் பொறுத்தவரை, தாத்தார்கள் அடர்ந்து வாழும் இத்தகைய ஊர்களில் வீட்டிலும் தெருவிலும் அது இன்னும் வழங்குகிறது. நகரத்துக்குக் குடிபோனவர்களின் பிள்ளைகளிடம்தான் வேகமாகக் குறைகிறது. தாத்தாரிஸ்தானில் தாத்தார் ஆட்சிமொழிகளில் ஒன்று; ஓரென்பூர்க் மாநிலத்தில் அதற்கு அந்தத் தகுதி இல்லை. 2009 முதல் பள்ளி இறுதித் தேர்வை ரஷ்ய மொழியில் மட்டுமே எழுத முடியும். 2018-இல் வந்த சட்டத்தின்படி, தாய்மொழிப் பாடம் பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால்தான் நடக்கும். பிள்ளை நல்ல கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எண்ணும் பெற்றோர் அந்த நேரத்தைக் கணக்குக்கோ ரஷ்ய மொழிக்கோ ஒதுக்கிவிடுவதை யாரால் குறைகூற முடியும்? சட்டம் எதையும் தடை செய்யவில்லை. ஆனால் சுமை முழுவதையும் பெற்றோரின் ஒரு கையெழுத்தின் மீது ஏற்றிவிட்டது. ஆசிரியையான தங்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

ஒரு முறை போய்ப் பார்க்க விரும்புகிறேன். எப்போது போகலாம்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், புதுச்சேரி

ஜூன் மாதத்தில் செல்லுங்கள். ஜனவரியில் சில நாட்கள் மைனஸ் முப்பதுக்கும் கீழே போகும். ஏப்ரலில் வெள்ளமும் சேறும் இருக்கும். ஜூனில் புல்வெளி பச்சையாக இருக்கும், விதைப்பு முடிந்து தாத்தார் ஊர்கள் சபந்துய் திருவிழா கொண்டாடும் காலமும் அதுவே. துண்டை எதிராளியின் இடுப்பில் சுற்றிப் பிடித்துத் தூக்கி எறியும் கொரேஷ் மல்யுத்தம்தான் அதன் உச்சம். வென்றவரின் தோளில் ஓர் ஆட்டுக்கடாவை ஏற்றிவிடுவார்கள். குதிரைப் பந்தயம், வழுக்கு மரம், சாக்கு ஓட்டம் எல்லாம் உண்டு. பரிசுக்காகப் புதுமணப் பெண்களின் வீடுகளிலிருந்து பூத்தையல் போட்ட துண்டுகளைத் திரட்டுவது பழைய வழக்கம்.

மாஸ்கோவிலிருந்து ஓரென்பூர்க்குக்கு விமானமும் உண்டு, ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் ரயிலும் உண்டு; அங்கிருந்து கர்காலாவுக்குச் சாலை வழியாக அரை மணி நேரம் போதும். ரயிலில் செல்வதையே பரிந்துரைக்கிறேன்; காடு தீர்ந்து புல்வெளி தொடங்குவதை ஜன்னலோரத்திலிருந்து பார்த்தால்தான் அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்று புரியும். வீடுகளுக்கு அழைத்தால் காலணியை வாசலில் கழற்றிவிடுங்கள், கையில் ஏதேனும் இனிப்பு கொண்டுசெல்லுங்கள். மசூதியைப் பார்க்க வேண்டுமானால் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. தேநீர்க் கோப்பையைக் காலி செய்தால் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது பழைய வழக்கம்.